கன்டர்: லொறியா, குதிரை நடையா?

வாசகர் கேள்வி பதில்

நான் மீன் ஏற்றுகிற கன்டர் ஓட்டுகிறேன். மகள் ஆங்கிலப் பாடத்தில் 'கன்டர்' என்றால் குதிரையின் ஒருவகை ஓட்டம் என்று படித்துவிட்டு வந்து, "அப்பா குதிரை ஓட்டுகிறார்" என்று கேலி பண்ணுகிறாள். லொறிக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?
(ஒரு வாசகர், உப்புவெளி)

மகள் சொல்வது சரிதான், நீங்களும் பிழையில்லை. ஜப்பானின் மிட்சுபிஷி கம்பனி 1963இல் ஒரு சின்ன லொறியைச் சந்தைக்கு இறக்கியபோது இந்தக் குதிரை ஓட்டத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தது. அந்தப் பெயர் இங்கே எவ்வளவு ஊறிப்போய்விட்டது என்றால், வேறு கம்பனியின் அதே அளவு லொறி வந்து நின்றாலும் "கன்டர் வந்திட்டுது, பெட்டியை ஏத்து" என்றுதான் கடற்கரையில் சத்தம் கேட்கும்.

சொல் பிறந்த இடம் இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருக்கிற கன்டர்பரி நகரம். அங்கே பேராயராக இருந்த தோமஸ் பெக்கெற் என்பவருக்கும் மன்னர் இரண்டாம் ஹென்றிக்கும் ஒத்துப்போகவில்லை. 1170 டிசம்பர் 29ஆம் திகதி மன்னரின் வீரர்கள் நான்கு பேர் போய், தேவாலயத்துக்குள்ளேயே வைத்து அவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். மூன்று வருடத்துக்குள், 1173இல், பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தார். அதோடு தொடங்கியது யாத்திரை. லண்டனிலிருந்து ஏறக்குறைய 95 கிலோமீற்றர். வசதி உள்ளவர்கள் குதிரையில், இல்லாதவர்கள் கால்நடையாக என்று கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஆங்கிலக் கவிஞர் சோசர் 14ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எழுதிய கன்டர்பரிக் கதைகள், இப்படிப் போன ஒரு கூட்டத்தில் வழி அலுப்புத் தெரியாமல் இருக்க ஆளுக்கொரு கதை சொல்வதாக அமைந்தவைதான்.

கோயிலுக்குப் போகிறவன் குதிரையைச் சவுக்கால் விளாசி விரட்டமாட்டான், அதற்காக மாடு மேய்க்கிற மாதிரி ஆடி அசைந்தும் போகமாட்டான், பொழுதுபடுவதற்குள் அடுத்த சத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமல்லவா. உடம்பும் நோகாமல் குதிரையும் களைக்காமல் போகிற அந்த நடுத்தர வேகத்துக்குத்தான் 'கன்டர்பரி நடை', 'கன்டர்பரி ஓட்டம்' என்று பெயர் விழுந்தது. 17ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் அந்த முழுப் பெயரைக் காணலாம். 18ஆம் நூற்றாண்டில் வால் அறுந்து வெறும் 'கன்டர்' ஆனது. எங்கள் ஊருக்குள்ளால் கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்கி வெருகல், உகந்தை என்று வாரக்கணக்கில் நடக்கிறவர்கள், அவர்களுக்கென்று ஒரு வேகம் இருக்கும். அதை ஊரார் 'கதிர்காம நடை' என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் வெறும் 'கதிர்' என்று அது சுருங்கி நின்றால் எப்படியிருக்குமோ அப்படித்தான் இதுவும்.

ஒரு விஷயம் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. எட்டாம் ஹென்றி மன்னர் 1538இலேயே அந்தப் புனிதரின் சமாதியை இடித்துத் தள்ளி யாத்திரைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். சொல் எழுத்தில் அடிபடத் தொடங்குவதோ அதற்குப் பிறகுதான்! யாத்திரை நின்று மூன்று நான்கு தலைமுறை போன பிறகும் குதிரைக்காரர் வாயில் கன்டர்பரி நின்றிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் தூரப் பயணம் போகிறவர்கள் பெரிதும் விரும்பியது 'ஆம்பிள்' என்ற குலுக்கல் இல்லாத நடை பழகிய குதிரைகளை. ஆகவே சோசர் காலத்து யாத்திரைக்காரர் எல்லாரும் இன்று கன்டர் என்று சொல்கிற அதே ஓட்டத்தில்தான் போனார்கள் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

சரி, அந்த ஓட்டம் எப்படி இருக்கும்? மிருதங்கம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் சுகமாக விளங்கும். குதிரை சும்மா நடக்கும்போது நான்கு குளம்பும் தனித்தனியாக, ஒரே இடைவெளியில் விழும்: த க தி மி. அடுத்தது 'ட்ரொட்'. இதில் முன் இடக்காலும் பின் வலக்காலும் ஒன்றாக, பிறகு மற்றச் சோடி ஒன்றாக விழும், ஆகவே இரண்டே தட்டு: தக, தக. கன்டரில் மூன்று தட்டு. முதலில் ஒரு பின்னங்கால், பிறகு மற்றப் பின்னங்காலும் அதற்குக் குறுக்கே உள்ள முன்னங்காலும் சேர்ந்து, கடைசியாக மிச்சமிருக்கிற முன்னங்கால்: தகிட. அதற்குப் பிறகு நான்கு காலும் நிலத்தில் படாமல் ஒரு சின்ன இடைவெளி, பிறகு மறுபடி தகிட. (அந்த இடைவெளியையும் கார்வையாக, ஓர் எண்ணாகச் சேர்த்தால் மூன்றின் கணக்கான திஸ்ரம் இல்லை, நான்கின் கணக்கான சதுஸ்ரம்தான் என்று மிருதங்க வாத்தியார் சண்டைக்கு வருவார். அவரோடு எனக்கு வழக்கு இல்லை.) இன்னும் விரட்டினால் நடுவில் சேர்ந்து விழுந்த சோடியும் பிரிந்து மறுபடி நான்கு தட்டாகும், அதுதான் 'கலொப்'. வேகத்தைச் சொன்னால், நடை மணிக்கு 6 அல்லது 7 கிலோமீற்றர், ட்ரொட் 13 அளவில், கன்டர் 16 முதல் 27 வரை, கலொப் 40ஐத் தாண்டிப் போகும்.

ஆங்கிலக் கிரிக்கெட் வர்ணனையில் ஓர் அணி 'கன்டரில் வென்றது' என்று சொல்வதும் இதிலிருந்து வந்ததுதான். மூச்சு வாங்காமல், முழுப் பலத்தையும் காட்டத் தேவை வராமல் வென்றுவிட்டார்கள் என்று அர்த்தம். மேலே சொன்ன ஆம்பிள் இருக்கிறதே, அது 'நட' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அதே வேரில் முளைத்ததுதான் அம்புலன்ஸ். பிரெஞ்சுக்காரர் போர்க்களத்தில் படையோடு கூடவே நகர்ந்த ஆஸ்பத்திரியை 'நடக்கும் ஆஸ்பத்திரி' என்றார்கள், அது சுருங்கி வண்டிக்குப் பெயராகிவிட்டது. மகள் அடுத்த முறை கேலி பண்ணினால், வீதியில் போகிற அம்புலன்ஸும் கன்டரும் சொந்தக்காரர் என்று சொல்லிப் பாருங்கள்.

உயர்தரத்தில் தமிழ் படிக்கிறேன். ஆங்கிலத்தில் குதிரையின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனிப் பெயர் இருக்கிறது. தமிழில் 'குதிரை ஓடியது' என்பதைத் தவிர ஒன்றும் இல்லையா?
(ஒரு மாணவி, பாலையூற்று)

இருக்கிறது பிள்ளை, நிறையவே இருக்கிறது. நாங்கள் குதிரையை விட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டதால் அவை புத்தகத்துக்குள் படுத்துக் கிடக்கின்றன.

முதலில் 'பரி'யைப் பாருங்கள். பரி என்றால் குதிரை என்று மனப்பாடம் பண்ணியிருப்பீர்கள். சங்கப் பாட்டுகளில் அது பெரும்பாலும் ஓட்டத்தைத்தான் குறிக்கும். பரிதல் என்றால் விரைந்து ஓடுதல், 'கடும்பரி' என்றால் கடுமையான வேகம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குவிந்து கிடந்த சரக்குகளை அடுக்கும்போது முதலாவதாக வருவது "நீரின் வந்த நிமிர்பரிப் புரவி", அதாவது கடல் வழியாகக் கப்பலில் வந்து இறங்கிய, நிமிர்ந்த ஓட்டமுடைய குதிரை. அதில் புரவிதான் மிருகம், பரி அதன் ஓட்டம். பிற்காலத்தில் ஓட்டத்தின் பெயரே மிருகத்துக்கு ஆகிவிட்டது. பாய்கிற மா 'பாய்மா' ஆனதும், 'குதிரை'யைக் குதித்தலோடு சேர்த்துப் பார்ப்பதும் இதே போக்குத்தான். ஆங்கிலேயர் ஓட்டத்துக்கு ஊரின் பெயரை வைத்தார்கள், எங்களுடையவர்கள் ஓட்டத்தின் பெயரையே குதிரைக்கு வைத்தார்கள். (அதே பட்டினப்பாலை அடுக்கில் சில வரி தள்ளி "ஈழத்து உணவும்" வருகிறது. குதிரை இறங்கிய அதே தெருவில் எங்கள் ஊர்ச் சாமானும் கிடந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.)

அடுத்தது 'ஆதி'. ஆதிபகவன் ஆதி இல்லை, இது வேறு. குதிரை நேர்கோட்டில் நீட்டி ஓடுகிற விரைந்த ஓட்டத்துக்கு ஆதி என்று பெயர். வட்டமாக ஓடுவது 'மண்டிலம்'. மதுரைக்காஞ்சியில் இரண்டும் ஒரே வரியில் வருகின்றன: "அடிபடு மண்டிலத்து ஆதி போகிய". குளம்பு பட்டுப் பட்டுத் தேய்ந்த வட்டத்தில் பழகி, ஆதி என்ற ஓட்டமும் ஓடிய குதிரை. ஒரே வரிக்குள் ஒரு பயிற்சி மைதானமே கிடக்கிறது பாருங்கள்.

ஆதி வருகிற இன்னோர் இடம் கலித்தொகை 96ஆம் பாட்டு, மருதன் இளநாகனார் பாடிய மருதக்கலி. அதை வாசித்தால் வகுப்பில் சிரிப்பை அடக்க முடியாது. பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வருகிற கணவன், "குதிரை ஏறிவிட்டு வருகிறேன்" என்று புளுகுகிறான். மனைவி விடுவாளா? நீ ஏறிய குதிரையை நான் அறிவேன் என்று தொடங்கி, அந்தப் பெண்ணின் கூந்தலிலிருந்து நகை வரை ஒவ்வொன்றையும் குதிரைக்குப் பூட்டுகிற அணிகளோடு பொருத்திப் பொருத்திக் குத்துகிறாள், ஆதி ஓட்டிக் களைத்துப்போனாயோ, நீ வாழ்க, நல்ல வாதுவன்தான் என்று அவனையும் ஒரு பிடி பிடிக்கிறாள். வாதுவன் என்றால் குதிரைப்பாகன். வீட்டுச் சண்டையிலேயே குதிரைப் பயிற்சியின் கலைச்சொல் இவ்வளவு சரளமாக விழுகிறது என்றால், கேட்கிறவர்களுக்கும் அது தெரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்.

பிறகு வந்த நிகண்டுகளிலும் உரைகளிலும் 'ஐங்கதி' என்று ஐந்து நடைகளை எண்ணுவார்கள், 'பதினெட்டுச் சாரி' என்று சுற்றி வளைந்து ஓடுகிற வகைகளையும் சேர்ப்பார்கள். விக்கிதம், வற்கிதம், உபகண்டம் என்று தொடங்குகிற பட்டியல் ஒன்று. மயூரகதி, வானரகதி என்று மயில், குரங்கு இவற்றின் பெயரோடு வருகிற பட்டியல் இன்னொன்று. பட்டியல்கள் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. இவற்றில் பல வடமொழிப் பரிசாத்திர மரபிலிருந்து வந்தவை. வடமொழி நிகண்டான அமரகோசத்திலும் ஐந்து நடை உண்டு, அதில் 'வல்கிதம்' என்று இருப்பதைத்தான் எங்கள் ஆட்கள் வற்கிதம் ஆக்கினார்கள். இதில் எது ட்ரொட், எது கன்டர் என்று நேருக்கு நேர் கோடு கிழித்துக் காட்டுகிறவர்களை நம்பாதீர்கள். அவர்கள் போருக்கும் அணிவகுப்புக்கும் குதிரை பழக்கியவர்கள், நடைகளைப் பிரித்த கணக்கும் அதற்கேற்றதுதான்.

'கதி' என்ற சொல் மட்டும் குதிரையை விட்டுப் பிழைத்துக்கொண்டது. கர்நாடக இசையில் திஸ்ர கதி, கண்ட கதி என்கிறோம், அதையே திஸ்ர நடை, கண்ட நடை என்றும் சொல்கிறோம். அங்கேயும் ஐந்துதான். கன்டருக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: 'மெல்லோட்டம்' என்று சிலர் எழுதுகிறார்கள், அது காலையில் கடற்கரையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களுக்குப் போய்விட்டது. 'இளம்பாய்ச்சல்' என்றால் எனக்குப் பிடிக்கும். பாய்ச்சல் என்ற சொல் ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருக்கிறது.

'நாலுகால் பாய்ச்சல்' என்கிறோம். உண்மையிலேயே நான்கு காலும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு எழும்புமா? பேச்சுக்குச் சொல்வதா?
(ஒரு வாசகர், கிண்ணியா)

எழும்பும். ஆனால் நாங்கள் நினைக்கிற நேரத்தில் இல்லை.

இந்தக் கேள்விக்காக ஒரு பெரிய பணக்காரரே காசைக் கொட்டியிருக்கிறார். கலிபோர்னியாவில் ஆளுநராக இருந்த லீலண்ட் ஸ்டான்ஃபர்ட், குதிரைப் பைத்தியம். அவர் ஏற்பாட்டில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 1878 ஜூனில் பாலோ ஆல்ட்டோவில் இருந்த பண்ணையில் ஓட்டப்பாதை ஓரமாகக் கமராக்களை வரிசையாக வைத்து, குதிரை ஓடும்போது கம்பி இழுபட்டுக் கமராக்கள் ஒவ்வொன்றாகப் படம் பிடிக்கும்படி செய்தார். படங்களைக் கழுவிப் பார்த்தால் நான்கு காலும் காற்றில் இருக்கிற படம் இருக்கிறது, ஆனால் அந்த நேரம் கால்கள் நீட்டிக்கொண்டு நிற்கவில்லை, வயிற்றுக்குக் கீழே ஒன்றாக ஒடுங்கிக் கிடக்கின்றன. அதுவரை ஓவியர்கள் முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பின்னங்கால் இரண்டையும் பின்னே நீட்டி, மரக்குதிரையைத் தூக்கி எறிந்த மாதிரி வரைந்துகொண்டிருந்தார்கள். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் வரைந்த எப்சம் பந்தயப் படம்கூட அப்படித்தான். பாய்கிற குதிரை அப்படி நான்கு காலையும் விரித்துக்கொண்டு காற்றில் மிதப்பதில்லை. நாலுகால் பாய்ச்சல் என்று பெயர் வைத்த எங்கள் ஆளுக்குக் கமரா இல்லை, கண் இருந்திருக்கிறது. எப்போது எழும்பும் என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

மாட்டு வண்டில் ஓட்டப் போட்டியைச் 'சவாரி' என்கிறோம், இந்தியாவில் ஓட்டோவில் ஆள் ஏற்றுவதைச் சவாரி என்கிறார்கள். எது சரி?
(ஒரு வாசகர், தம்பலகாமம்)

இரண்டும் சரி, இரண்டுமே குதிரையிலிருந்து இறங்கி வந்தவை. பாரசீக மொழியில் சவார் என்றால் குதிரைமேல் ஏறியவன், சவாரி என்றால் அப்படி ஏறிப் போவது. லகானும் அங்கிருந்து வந்ததுதான். படையோடும் குதிரை வியாபாரத்தோடும் ஊர் ஊராக வந்த சொல், குதிரை போன இடங்களில் அதற்கு அடுத்து ஓடியது எதுவோ அதில் ஏறிக்கொண்டது. வடக்கிலும் வன்னியிலும் மாடு, சென்னையில் ஓட்டோ. பாரசீகத்துக் குதிரைக்கும் இலங்கைக்கும் உள்ள பழக்கம் பழையது. 6ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய கொஸ்மஸ் என்ற பயணி, இலங்கை மன்னன் பாரசீகக் குதிரைகளை வாங்குகிறான், கொண்டுவருகிறவர்களிடம் சுங்கம் வாங்குவதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். வாகன இறக்குமதிக்கு வரிச்சலுகை அப்போதே இருந்திருக்கிறது!

வேட்டைத் திருவிழாவில் சுவாமி வருகிற குதிரை வாகனம் எந்த நடையில் இருக்கிறது? அம்மம்மாவும் நானும் பந்தயம்.
(ஒரு வாசகி, உவர்மலை)

இரண்டு பேரும் தோல்வி. முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு பின்னங்காலில் நிற்கிற குதிரை அது, நடையும் இல்லை ஓட்டமும் இல்லை. சிற்பிக்கும் தச்சருக்கும் பிடித்த நிலை அது, ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் தூணுக்குத் தூண் இப்படித்தான் எழும்பி நிற்கும். நடையைக் கொடுக்கிறவர்கள் தோள் கொடுக்கிற ஆட்கள்தான். அவர்கள் வாகனத்தை முன்னும் பின்னும் ஆட்டி ஓடும்போதுதான் மரத்துக்கு உயிர் வரும். ஸ்ரீரங்கத்தில் பெருமாளைத் தங்கக் குதிரையில் வைத்து இப்படி ஓடுகிற விழாவுக்கு 'வையாளி' என்றே பெயர். வையாளி என்றால் குதிரை ஏறிச் செலுத்துதல், நல்ல பழைய சொல். அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், தெரிந்திருக்கவும் கூடும்.

இலங்கையில் குதிரை ஓடுவதைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்ட எங்கே கூட்டிப் போகலாம்?
(ஒரு வாசகர், மூதூர்)

காட்டில் திரிகிற மாதிரிக் கட்டில்லாமல் திரிகிற மட்டக்குதிரைகள் வேண்டுமானால் நெடுந்தீவு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் அங்கே வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை அவை. யாழ்ப்பாணம் போய், குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். ஆனால் அவை உங்கள் வசதிக்கு ஓடிக் காட்டாது. பெரும்பாலும் மேய்ந்துகொண்டு நிற்கும், வெயில் ஏறினால் நிழலுக்கு ஒதுங்கிவிடும்.

ஓட்டமே பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல் மாதம் நுவரெலியாப் பந்தயம். அதில் ஒரு கள்ளம் சொல்லித் தருகிறேன்: பந்தயம் ஓடுவது கலொப்பில், ஒரு நிமிடத்திலோ ஒன்றரை நிமிடத்திலோ முடிந்துபோகும், பிள்ளைகளுக்கு ஒன்றும் பிடிபடாது. அதற்கு முன்னால் குதிரைகளைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோவார்கள், அது பெரும்பாலும் கன்டரில்தான் நடக்கும். தகிட தகிட என்று எண்ணுவதற்கு அதுதான் நேரம். அதனால் பந்தயம் தொடங்கும் நேரத்துக்குப் போகாமல் முன்கூட்டியே போய்ப் பாதையோரமாக இடம் பிடித்துவிடுங்கள், கைத்தொலைபேசியில் மெதுவாக ஓடுகிற வீடியோ எடுக்க முடிந்தால் எடுங்கள், நான்கு காலும் எழும்புகிற அந்த இடத்தை வீட்டுக்கு வந்து நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.